பீட்டர் கிரீன் வாசித்தது யாருடைய ப்ளூஸ்?

"ஒரு வருடமாக எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், ஜான் மேயால் என்று பிரிட்டிஷ் ப்ளூஸ்காரர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதெல்லாம் அமெரிக்கக் கறுப்பர்களிடம் திருடிய இசை, வெறும் நகல் என்கிறார் நண்பர். இவர்கள் வாசிப்பது உண்மையான ப்ளூஸ்தானா? கிட்டார் பழகத் தொடங்கியிருக்கும் நான் இவர்களைக் கேட்டுப் பழகலாமா?" இதுதான் நீங்கள் கேட்டது. ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. லண்டனில் பிறந்து, இசைத்தட்டைக் கேட்டே பழகிய ஒருவரின் வாசிப்பில் உண்மை இருக்க முடியுமா என்பது ஒன்று. அந்த இசையால் வந்த பேரும் பணமும் யாருக்குப் போயின என்பது இன்னொன்று. நீங்கள் முதலாவதைக் கேட்கிறீர்கள், உங்கள் நண்பர் இரண்டாவதைப் பேசுகிறார். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தப் பேச்சு எப்போதும் சண்டையில் முடிகிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடமாக கிட்டார் வாசிக்கிறேன், அதில் பதினைந்து வருடம் சொல்லிக்கொடுக்கிறேன். கையும் காதும் சம்பந்தப்பட்ட விஷயங்களில் உறுதியாகப் பேசுவேன். மிசிசிப்பியின் பருத்திக் காட்டில் உழைத்த குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்தப் பாட்டு என்னவாக இருந்தது என்பதை, அவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன். அதற்கு மேல் அவர்கள் சார்பில் பேச எனக்கு உரிமை இல்லை.

முதலில், அமெரிக்கத் தெற்கின் கறுப்பர்களிடம் பிறந்த இந்த ப்ளூஸ் இசை பிரிட்டனுக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். இரு நாட்டு இசைக்கலைஞர் சங்கங்களுக்கும் நடுவே இருந்த தகராறால், 1950களின் நடுப்பகுதி வரை அமெரிக்க இசைக்குழுக்கள் பிரிட்டனில் வாசிப்பதே அபூர்வம். அமெரிக்க கிட்டார்களை இறக்குமதி செய்யவும் 1959 வரை தடை இருந்தது. ஆக, ஆளும் வரவில்லை, கருவியும் வரவில்லை. வந்ததெல்லாம் இசைத்தட்டும், அதன் உறையில் அச்சடித்த நாலு வரியும்தான். அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்துப் பையன்கள் ப்ளூஸ் என்றால் என்ன என்று தங்கள் மனதில் ஒரு படம் வரைந்துகொண்டார்கள். ஏழைக் கறுப்பர் ஒருவர், ஒரு பழைய மரக் கிட்டார், ஒரு திண்ணை, துக்கம். அந்தப் படத்துக்குப் பொருந்தியவர் அசல், பொருந்தாதவர் வியாபாரி.

அபூர்வமாக வந்தவர்களில் ஒருவர், 1951இல் வந்த ப்ளூஸ் பாடகர் பிக் பில் ப்ரூன்ஸி. சிகாகோவில் அவர் பியானோ, டிரம்ஸ் எல்லாம் வைத்து நகரத்து ப்ளூஸ் பதிவு செய்தவர். ஆனால் ஐரோப்பிய ரசிகர்களுக்குக் கிராமத்துப் பாடகர்தான் வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. தனியாக அக்கூஸ்டிக் கிட்டாரோடு நின்று பாடினார், கொண்டாடினார்கள். 1958 அக்டோபரில் சிகாகோ ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் வந்தபோது அவரிடம் இதை யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. பியானோவுக்கு ஓட்டிஸ் ஸ்பானை அழைத்து வந்தவர், சிகாகோ கிளப்பில் வாசிப்பது போலவே எலெக்ட்ரிக் கிட்டாரை உரக்க வைத்து வாசித்தார். கிட்டார் அலறுகிறது, பியானோ ஊளையிடுகிறது என்று பத்திரிகையில் தலைப்புப் போட்டார்கள். சரி, இவர்களுக்கு மெதுவாகத்தான் பிடிக்கும் போல என்று 1963இல் திரும்பி வந்தபோது அக்கூஸ்டிக் கிட்டாரை எடுத்து வந்தார். அதற்குள் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் தலைமுறை வந்துவிட்டது. அவர்கள் எலெக்ட்ரிக் எங்கே என்று கேட்டார்கள். இதை மடி வாட்டர்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் வந்தது அதே ஆள், அதே கை. மாறியது எது அசல் என்ற ரசிகர்களின் கணக்குதான்.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும், பதிவு இணையத்தில் கிடைக்கிறது, கட்டாயம் பாருங்கள். 1964 மே 7ஆம் தேதி, மான்செஸ்டர் பக்கம் சோர்ல்டனில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையம். கிரானடா தொலைக்காட்சிக்காரர்கள் அதை அமெரிக்கத் தெற்கின் ஏதோ கிராமத்து நிலையம் போலச் சோடித்திருந்தார்கள்: மரப்பெட்டி, மூட்டை, ஆடும் நாற்காலி, உயிரோடு கோழிகள்கூட. பார்வையாளர்களை ரயிலில் கூட்டி வந்து ஒரு நடைமேடையில் உட்கார வைத்தார்கள்; பாடுபவர்கள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து நடைமேடையில். அன்றைக்கு மழை. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் குதிரை வண்டியில் வந்து இறங்கினார், நல்ல கோட்டு போட்டிருந்தார். மழையைப் பார்த்துவிட்டு, மழையைப் பற்றிய ஒரு காஸ்பல் பாட்டை, அதாவது கறுப்பர் தேவாலயப் பக்திப் பாட்டை, எடுத்தார். வெள்ளை நிற கிப்ஸன் எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு சோலோ வாசிப்பார் பாருங்கள், அந்தக் கோழியும் மூட்டையும் எதற்கு என்று நமக்கே தோன்றும். அவர் 1938லேயே நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடியவர். அதே நிகழ்ச்சியில் பாடிய மடி வாட்டர்ஸ் இருபது வருடமாக சிகாகோ நகரவாசி. அவர்கள் வந்தது 1964இல் இருந்து. அவர்களுக்காகப் போட்ட செட்டு வேறு ஏதோ காலத்தைச் சேர்ந்தது. பிரிட்டன்காரர்களின் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "அசல்" என்று அவர்கள் தேடிய பொருளில் பாதியை அவர்களே செய்து வைத்திருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும்.

இப்போது, தட்டைக் கேட்டுப் பழகியவர் நகல்தானே என்ற பேச்சுக்கு வருவோம். ராபர்ட் ஜான்சன் 1936இலும் 1937இலும் டெக்ஸஸில் 29 பாட்டுகள் பதிவு செய்தார். மிசிசிப்பி டெல்டா பகுதி ப்ளூஸின் உச்சம் என்று எல்லோரும் கும்பிடுகிற பதிவுகள். அவரும் தட்டைக் கேட்டுப் பழகியவர்தான். அவருடைய "32-20 ப்ளூஸ்" ஸ்கிப் ஜேம்ஸ் 1931இல் பதிவு செய்த "22-20 ப்ளூஸ்" பாட்டிலிருந்து வந்தது. "ஸ்வீட் ஹோம் சிகாகோ" கோகோமோ ஆர்னால்டிடமிருந்து. லானி ஜான்சனையும் லீராய் காரையும் அவர் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார் என்பது பதிவுகளிலேயே தெரிகிறது. பி.பி. கிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தன் ஆசான்கள் என்று சொன்னவர்களில் டி-போன் வாக்கர் உண்டு, லானி ஜான்சன் உண்டு, பெல்ஜியத்தில் பிறந்த ஜிப்ஸி ஜாஸ் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் உண்டு. உறவினர் புக்கா வைட்டின் ஸ்லைடு சத்தம் (கம்பிமேல் ஒரு குழாயை வழுக்கி வாசிப்பது) கிங்குக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஸ்லைடு அவருக்குக் கைவரவில்லை. அந்தச் சத்தத்தை வெறும் விரலால் கொண்டுவரப் பார்த்ததில் பிறந்ததுதான் உலகமே இன்று காப்பியடிக்கும் அவருடைய வைப்ரேட்டோ, ஸ்வரத்தை அசைத்து நடுங்க வைப்பது. நம் கச்சேரி உலகில் பாடாந்தரம் என்று சொல்வோமே, அது ப்ளூஸிலும் உண்டு. இன்னாரிடமிருந்து இன்னார் வாங்கினார் என்பது அங்கே குற்றச்சாட்டு இல்லை, வம்சாவளி.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரே ஒரு பாட்டு எனக்குக் காட்டியது. கல்லூரிக் காலத்தில் ஒரு நண்பர் ஜான் மேயாலின் 1966 ஆல்பத்தைக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். அட்டையில் கிளாப்டன் பீனோ காமிக்ஸ் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஆல்பம். அதில் "ஹைடவே" என்ற வாத்திய இசையை மூன்று மாதம் தலைகீழாகப் பழகினேன். கிளாப்டனின் பாட்டு என்றே நினைத்திருந்தேன். அப்புறம்தான் ஃப்ரெடி கிங் 1960இல் பதிவு செய்த மூலம் காதுக்கு வந்தது. ஐயோ, இத்தனை நாள் நகலையா பழகினேன் என்று இருந்தது. இன்னும் தோண்டினால், முக்கியமான மெட்டை ஃப்ரெடி கிங் சிகாகோவில் ஹவுண்ட் டாக் டெய்லரிடம் கேட்டு எடுத்திருக்கிறார். நடுவில் வரும் ஒரு துண்டு, ஹென்றி மான்சினி ஒரு தொலைக்காட்சித் துப்பறியும் தொடருக்குப் போட்ட "பீட்டர் கன்" இசை. தலைப்பு அவர்கள் வாசித்த மதுக்கூடத்தின் பெயர், மெல்ஸ் ஹைடவே லவுஞ்ச். ஆக, அசல் என்று நான் போய்ச் சேர்ந்த இடமே பல இடத்துத் துணியைச் சேர்த்துத் தைத்த சட்டை. அதனால் ஃப்ரெடி கிங்கின் பதிவு ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை. தையல் அவருடையது, நடை அவருடையது.

அந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஃப்ரெடி கிங் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிக் (கம்பியை மீட்டும் செயற்கை நகம்) மாட்டி வாசிப்பவர். ஸ்வரங்கள் தெறித்து விழும், சட்டென்று நின்றுவிடும், ஆட வைக்கும். கிளாப்டனுடையதில் அதே ஸ்வரங்கள் தடித்து, ஓரம் கரகரத்து, நீண்டு நிற்கும். காரணம் கருவி. ஃப்ரெடி கிங்கின் ஆல்பம் அட்டையில் லெஸ் பால் கிட்டாரைப் பார்த்துத்தான் தானும் ஒன்று வாங்கியதாக கிளாப்டன் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அதை மாட்டியது மார்ஷல் ஆம்ப்பில், அதாவது சத்தத்தைப் பெருக்கும் பெட்டியில். அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்புக்கு பிரிட்டனில் விலை அதிகம்; லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் ஆட்கள் அதைப் பார்த்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களை வைத்துத் தாங்களே ஒன்று செய்தார்கள். அதுதான் முதல் மார்ஷல். கிளாப்டன் ஸ்டூடியோவிலும் அதை மேடையில் வைப்பது போலவே முழுச் சத்தத்தில் வைத்தார். அந்தக் காலத்து ஸ்டூடியோ வழக்கத்துக்கு அது ஒத்துவராத காரியம், ஆனாலும் அவர் குறைக்கவில்லை. உலகம் பிரிட்டிஷ் ப்ளூஸ் சத்தம் என்று எதைச் சொல்கிறதோ அதன் அடியில் இருப்பது ஒரு அமெரிக்க ஆம்ப்பின் நகல். அப்படியே செய்யப் பார்த்தார்கள், வேறு ஒன்றாக வந்தது. பி.பி. கிங்குக்கு ஸ்லைடில் நடந்ததும் இதே கதைதான்.

அப்படியானால் பிரிட்டிஷ்காரர்கள் எல்லோரும் தேறிவிட்டார்களா என்றால், இல்லை. கையில் பிடித்தார்கள், வாயில் பலருக்கும் வரவில்லை. ப்ளூஸ் முதலில் பாட்டு. கிட்டார் அந்தப் பாட்டுக்குப் பதில் சொல்லும் குரல். பாடகர் ஒரு வரி பாடுவார், கிட்டார் ஒரு வரி பேசும். பிரிட்டிஷ் குழுக்களில் அந்தப் பதில் வளர்ந்து வளர்ந்து பேச்சையே விழுங்கிவிட்டது. கிளாப்டன் பின்னால் வாசித்த கிரீம் குழுவின் மேடைப் பதிவுகளில் இது தெரியும். "கிராஸ்ரோட்ஸ்" 1968 பதிவு மிகச் சிறந்த கிட்டார் வாசிப்பு, அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் ராபர்ட் ஜான்சன் பாடிய பாட்டில் இருந்த, இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேர முடியாமல் நாற்சந்தியில் நிற்கும் ஒரு கறுப்பனின் பயம் அதில் இல்லை. அது ஓட்டமாகிவிட்டது. அந்தப் பயத்தை கிளாப்டனால் கொண்டுவந்திருக்க முடியுமா என்று கேட்டால், அவர் அதை முயலவே இல்லை என்பது என் எண்ணம். முயலாதது நேர்மை என்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது குறை தாளத்தில். பன்னிரண்டு பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது வசதிக்காக வந்த கணக்கு. ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் அந்தக் கணக்கைப் பார்த்து கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) மாற்றியவர் இல்லை. வரி முடிந்தால் மாற்றுவார், முடியாவிட்டால் அங்கேயே நிற்பார். கூட வாசிப்பவர் எண்ணுவதை விட்டுவிட்டு அவர் மூச்சைக் கவனிக்க வேண்டும். 1963இல் அமெரிக்க ப்ளூஸ் பாடகர் சன்னி பாய் வில்லியம்சன் இங்கிலாந்தின் யார்ட்பேர்ட்ஸ் குழுவை வைத்துக்கொண்டு மேடையேறிய பதிவைக் கேட்டால், பையன்கள் எண்ணிக்கொண்டே வாசிப்பது நமக்கே கேட்கும். இந்த இங்கிலாந்துப் பையன்களுக்கு ப்ளூஸ் வாசிக்க ஆசை ரொம்ப, வாசிப்பதும் ரொம்ப மோசம் என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் சுற்றுகிறது. அது ராபி ராபர்ட்சன் என்ற கிட்டார்காரர் வழியாக நமக்கு வந்த பேச்சு, அதனால் வார்த்தைக்கு வார்த்தை ஆதாரமாக எடுக்காதீர்கள். பதிவு இருக்கிறது, அதுவே போதும்.

இதற்கு நல்ல மறுபக்கம் ஒன்று 1970இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் நடந்தது. சிகாகோ ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபை வைத்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள். கிளாப்டன், ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸ், பில் வைமன் எல்லோரும் வாசித்தார்கள். வுல்ஃபின் நெடுநாள் கிட்டார்காரர் ஹூபர்ட் சம்லினும் வந்திருந்தார். "லிட்டில் ரெட் ரூஸ்டர்" பாட்டின் ஒத்திகைப் பேச்சை அப்படியே ஆல்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். வுல்ஃப் ஒரு கிட்டாரை எடுத்து எங்கே எண்ணுவது, எங்கே மாறுவது என்று காட்டுகிறார். அப்போதே உலகப் புகழ் பெற்றிருந்த கிளாப்டன், நீங்களும் கூட வாசித்தால் எங்களுக்குப் பின்தொடர வசதியாக இருக்கும் என்கிற பொருளில் தயங்கித் தயங்கிக் கேட்கிறார். வயதானவர், உடம்பு முடியாதவர், விடாமல் சொல்லிக்கொடுக்கிறார். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தை என் மாணவர்கள் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவேன். ஒரு பாடாந்தரம் கைமாறுவதை இவ்வளவு பக்கத்தில் கேட்க வேறு பதிவு எனக்குக் கிடைத்ததில்லை.

பீட்டர் கிரீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற நல்ல பதில் அவர்தான். 1946இல் லண்டன் பெத்னல் கிரீனில் ஒரு யூதத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர், இயற்பெயர் கிரீன்பாம். 1966இல் கிளாப்டன் விட்டுப் போன இடத்தில் மேயாலிடம் சேர்ந்தார், மறுவருடம் ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கினார். அவருடைய 1959 லெஸ் பாலில் ஒரு விசேஷம் உண்டு: ஒரு பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) காந்தம் திரும்பியிருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஒன்றின் சத்தத்தை மற்றது ஓரளவு அழித்து, மூக்கால் பேசுவது போல மெலிந்த ஒரு சத்தம் வரும். பலர் அவர் ரகசியமே அதுதான் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மாதிரி காந்தத்தைத் திருப்பிப் போட்ட கிட்டார்களை நானே வாசித்திருக்கிறேன். மூக்கடைத்த சத்தம் வரும், பீட்டர் கிரீன் வரமாட்டார்.

"நீட் யுவர் லவ் ஸோ பேட்" என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டில் வில்லி ஜான் 1955இல் பதிவு செய்தது, கிரீன் 1968இல் பாடினார். கிட்டாரில் மூன்று ஸ்வரம் வாசிப்பார், நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் அடுத்த ஸ்வரத்தை அவர் யோசிப்பது கேட்கும். ப்ளூஸில் ஒரு காந்தாரம் உண்டு, நம் கர்நாடக சங்கீதக் கணக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. கம்பியை லேசாக, அரை ஸ்வரம்கூட இல்லாமல், தள்ளித்தான் அங்கே போக முடியும். என் மாணவர்களில் பத்தில் எட்டுப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கிரீன் அந்த நடு இடத்திலேயே நிற்பார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு உயரத்தில். குரலிலும் அதையே செய்வார். சிகாகோ உச்சரிப்பைக் கொண்டுவர மிரட்டிப் பாடுவது அவரிடம் மிகக் குறைவு. மெதுவாக, தன் குரலில் பாடுவார். அதே குழுவில் ஜெரமி ஸ்பென்சர் இருந்தார். எல்மோர் ஜேம்ஸின் ஸ்லைடை அச்சு அசலாக வாசிப்பார், எனக்கும் அது கேட்கப் பிடிக்கும். ஆனால் ஸ்பென்சரைக் கேட்டால் எல்மோர் ஜேம்ஸ் ஞாபகம் வரும். கிரீனைக் கேட்டால் கிரீன்தான் ஞாபகம் வருவார். தான் கேட்டதிலேயே இனிமையான டோன் கிரீனுடையது என்று பி.பி. கிங் சொன்னது பிரசித்தம். 1969 ஜனவரியில் ஃப்ளீட்வுட் மேக், சிகாகோவில் செஸ் இசைத்தட்டுக் கம்பெனியின் ஸ்டூடியோவுக்குப் போய் வில்லி டிக்ஸன், ஓட்டிஸ் ஸ்பான், படி கை போன்றோருடன் பதிவு செய்தது. அதோடு நிற்காமல் ஸ்பான் தன் சொந்த ஆல்பம் ஒன்றுக்கு இதே பையன்களை வைத்துக்கொண்டார். மடி வாட்டர்ஸுக்கு வருடக்கணக்கில் பியானோ வாசித்தவர், இவர்கள் போதும் என்று முடிவு செய்திருக்கிறார். அதற்கு மேல் ஒரு சான்றிதழை நான் கேட்க மாட்டேன். 1970இல் கிரீன் குழுவை விட்டு விலகினார், மனநோயில் பல வருடங்கள் போயின, 2020இல் காலமானார். அவர் துன்பப்பட்டார், அதனால்தான் ப்ளூஸ் வந்தது என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி வாசிக்காதீர்கள். மிகச் சிறந்த பதிவுகள் எல்லாம் நோய் அவரை முடக்குவதற்கு முன் வந்தவை, உழைப்பால் வந்தவை.

இப்போது உங்கள் நண்பர் பக்கம். பேர், பணம் விஷயத்தில் அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி, இதில் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை, வழக்குகளாகவே இருக்கின்றன. பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் ஸெப்லினின் "ஹோல் லாட்டா லவ்" பாட்டின் வரிகளுக்கு மூலம், வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டு. ஆல்பத்தில் டிக்ஸன் பெயர் இல்லை. 1985இல் டிக்ஸன் வழக்குப் போட்டார், 1987இல் சமரசத்தில் முடிந்தது, பின்னால் பெயர் வந்தது. ஹவ்லின் வுல்ஃபின் "கில்லிங் ஃப்ளோர்" அதே குழுவில் "தி லெமன் சாங்" ஆனது. அதற்கும் 1972இல் சமரசம் செய்ய வேண்டியிருந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் 1968இல் "ப்ராடிகல் சன்" பாட்டைத் தங்கள் பெயரில் போட்டார்கள். அதை எழுதிய ராபர்ட் வில்கின்ஸ் அப்போது மெம்ஃபிஸில் போதகராக உயிரோடு இருந்தார். இதை நான் பாடாந்தரம் என்று சொல்லமாட்டேன். பாடாந்தரத்தில் குருவின் பெயரைச் சொல்லாமல் யாரும் தொடங்குவதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. கிரீம் 1966இல் "ஐம் ஸோ க்ளாட்" பாட்டை ஸ்கிப் ஜேம்ஸ் பெயர் போட்டே வெளியிட்டது. அந்தப் பணம் 1969இல் இறப்பதற்கு முன், நோயில் கிடந்த அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பெயரை ஒழுங்காக அச்சடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது போதாதா? இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருட்டு பிரிட்டனில் தொடங்கவில்லை. செஸ் கம்பெனியோடு தொடர்புடைய ஆர்க் மியூசிக் என்ற பதிப்பகம் தங்களுக்குச் சேர வேண்டிய ராயல்டியைத் தரவில்லை என்று மடி வாட்டர்ஸும் டிக்ஸனும் வுல்ஃபும் 1970களில் வழக்குத் தொடுத்தார்கள்.

கிளாப்டனைப் பற்றிப் பேசும்போது 1976ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆகஸ்ட்டில் பர்மிங்ஹாம் மேடையில் நின்று, குடியேறிய கறுப்பர்களையும் ஆசியர்களையும் நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி இனாக் பவலின் அரசியலை ஆதரித்துக் கேவலமாகப் பேசினார். அதற்கு எதிர்ப்பாகத்தான் ராக் அகைன்ஸ்ட் ரேசிஸம் இயக்கமே தொடங்கியது. பல வருடம் கழித்து வெட்கப்படுவதாகச் சொன்னார். ராபர்ட் ஜான்சனை வணங்குகிறேன் என்று சொன்ன அதே வாய் அதையும் சொன்னது. அந்த ஹைடவேயை நான் இன்னும் வாசிக்கிறேன், வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த விஷயத்தையும் கூடவே சொல்லுகிறேன். நீங்கள் வேறு மாதிரி முடிவெடுத்தால் அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

பிரிட்டிஷ்காரர்கள்தான் ப்ளூஸைக் காப்பாற்றினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இதில் பாதிதான் தேறும். வெள்ளை அமெரிக்க இளைஞர்களில் பலர் மடி வாட்டர்ஸ், வுல்ஃப் பெயர்களை முதலில் கேட்டது ஸ்டோன்ஸ் வாயிலாகத்தான். 1965இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வுல்ஃப் பாட, ஸ்டோன்ஸ் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டது நிஜமாகவே பெரிய விஷயம். ஆனால் கறுப்பு ரசிகர்கள் பி.பி. கிங்கை என்றைக்கும் மறக்கவில்லை, அவர் வருடம் முழுக்க ஊர் ஊராக வாசித்துக்கொண்டுதான் இருந்தார். பழைய ப்ளூஸ் பாடகர்களான சன் ஹவுஸையும் ஸ்கிப் ஜேம்ஸையும் 1964இல் தேடிக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்க இளைஞர்கள். சிகாகோவில் பால் பட்டர்ஃபீல்டும் மைக் ப்ளூம்ஃபீல்டும் அங்கேயே அந்தக் கிளப்களில் கற்று, 1965இல் ஆல்பம் போட்டார்கள். காப்பாற்ற யாரும் தேவைப்படவில்லை, கேட்கிற கூட்டம் பெருகியது, அவ்வளவுதான்.

சரி, கிட்டார் பழகுபவராக நீங்கள் என்ன செய்யலாம்? இவர்களைத் தாராளமாகக் கேளுங்கள். ஒரு வழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பாட்டைப் பழகினாலும் அதை எழுதியவர் பெயரைப் பார்த்து, அவருடைய பதிவை முதலில் கேளுங்கள். சோலோவுக்கு முன் பாட்டின் வரிகளை வாயால் பாடிப் பாருங்கள். நன்றாகப் பாட வேண்டியதில்லை, எங்கே மூச்சு விடுகிறார் என்று தெரிந்தால் போதும். ஆல்பர்ட் கிங் போன்றவர்களைப் பழகும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அவர் இடக்கைக்காரர், கம்பிகளைத் தலைகீழாக வைத்து வாசித்தவர், மெல்லிய கம்பியைக் கீழ்நோக்கி இழுப்பார். நாம் மேல்நோக்கித் தள்ளி அதே இடத்தை எட்ட வேண்டும், கை வேறு மாதிரி வலிக்கும், பெண்டும் (கம்பியை வளைத்து ஸ்வரத்தை ஏற்றுவது) வேறு மாதிரிதான் வரும். அப்படி வருவதில் தப்பில்லை. கிளாப்டனுக்கும் அப்படித்தான் வந்தது, "ஸ்ட்ரேஞ்ச் ப்ரூ" கேட்டால் தெரியும். ஜோ ஆன் கெல்லி என்று லண்டன் பெண் ஒருவர் இருந்தார், 1990இல் இறந்துவிட்டார். அக்கூஸ்டிக் கிட்டாரில் மெம்ஃபிஸ் மின்னியின் பாணியைப் பிடித்தவர். பெரிய பெயர்களின் சத்தத்தில் அவரை விட்டுவிடாதீர்கள்.

தொடங்குவதற்கு மூன்று பதிவுகள் சொல்கிறேன், இதே வரிசையில். ஓட்டிஸ் ரஷ், 1958, "ஆல் யுவர் லவ்". மைனரில், கொஞ்சம் லத்தீன் நடையில் போகும், நடுவே சோலோவில் சட்டென்று ஷஃபிள் என்ற துள்ளல் தாளத்துக்குத் தாவிவிட்டு மறுபடி வீட்டுக்கு வரும். அடுத்து அதே பாட்டு, மேயால் ஆல்பத்தில் கிளாப்டன் வாசித்தது. மூன்றாவது, ஃப்ளீட்வுட் மேக் 1968, பீட்டர் கிரீன் எழுதிய "ப்ளாக் மேஜிக் உமன்"; பலருக்கு இது சந்தானாவின் பாட்டாகத்தான் தெரியும். ரஷ்ஷின் பாட்டிலிருந்து இது வேறு பாட்டு, வேறு மெட்டு. ஆனால் கிரீனின் பதிவில் கடைசியில் தாளம் மாறும் ஒரு இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு ரஷ்ஷின் பதிவில் சோலோ தொடங்கும் இடத்துக்குத் திரும்பிப் போய் ஒரு தடவை கேளுங்கள்.